நான்காம் அறைக்கு வரும் வழிகள்

என் அக்காவின் பெயர் நொட்புர்கா. வீட்டில் புர்கி. "எந்த வழியா வந்தா எனக்குச் சுலபம்?" என்று அவள் ஒருமுறை என்னிடம் கேட்டாள். நாற்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவனிடம் வழி கேட்டால் அவன் வரைபடத்தை விரித்துவிடுவான். நானும் விரித்தேன். எங்கள் மலையூர் வீசன்காருக்குப் பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்களுக்காக ஊராட்சி போடும் கையேட்டில், "வந்து சேரும் வழிகள்" என்ற பக்கத்தை ஒவ்வோர் ஆண்டும் எழுதுகிறவனே நான்தான்.

அக்கா தூரத்து ப்ரேமனில் மகள் வீப்கேயோடு இருந்தாள்; நானும் என் மனைவி மேனாவும் பிறந்த வீட்டிலேயே, விருந்தினருக்கு அறைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டு இருந்தோம். அந்தக் குளிர்காலத்தில் எங்களுக்குள் போய் வந்த கடிதங்களைக் கீழே வைக்கிறேன். ஊர்வம்பு வரும் சில பத்திகளை மட்டும் எடுத்துவிட்டேன். மற்றபடி ஒரு வரியையும் திருத்தவில்லை.

*

ப்ரேமன், 2 நவம்பர் 1977

தம்பி ரோமெட்டுக்கு,

நீயும் மேனாவும் சுகமா? இன்று இறந்தோர் நினைவு நாள். அப்பா அம்மா கல்லறையில் என் பங்குக்கும் ஒரு விளக்கு ஏற்றியிருப்பாய். இங்கே அந்த வழக்கம் இல்லை. ஜன்னலில் ஒரு மெழுகுவத்தி வைத்தேன், கீழ்வீட்டுக்காரி வந்து, "மின்சாரம் போயிடுச்சா?" என்று கேட்டாள்.

என் நுரையீரலைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதினேன். போன வாரம் மறுபடி படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். நான் கேட்டேன்:

"மலைக்குப் போலாமா டாக்டர்?"

"காத்துக்காகன்னா போகாதீங்க. உயரத்துல மூச்சு இன்னும் திணறும்."

"வேற காரணத்துக்குன்னா?"

"வேற காரணத்துக்குன்னா, சீக்கிரம் போங்க. கிறிஸ்துமஸ் வரைக்கும் ரயில்ல உட்கார முடியும். அதுக்கப்புறம் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வீப்கே வெளியே வந்ததும், "அவர் என்னம்மா சொல்றாரு?" என்றாள். முப்பது வயதுப் பெண் அர்த்தம் கேட்கிறாள். "ஊருக்குப் போகச் சொல்றாரு" என்றேன்.

எனக்கு நம் அறையில் ஒரு வாரம் படுக்க வேண்டும். நீயும் நானும் பிறந்த அறை. அடுப்புச் சுவரை ஒட்டின கட்டில். காலையில் கண் திறந்தால் எதிர்மலை உச்சி சிவந்து கிடக்கும். அதைப் பார்த்துவிட்டால் போதும், பிறகு எங்கே இருந்தாலும் சரி.

பதினான்கு வருஷமாக நான் வரவில்லை. புதுச் சாலை போட்டார்கள் என்று எழுதியிருந்தாய். எந்த வழியாக வந்தால் எனக்குச் சுலபம்?

மேனாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? எல்லோருக்கும் என் அன்பு.

அக்கா புர்கி

*

வீசன்கார், 13 நவம்பர் 1977

அன்புள்ள அக்கா,

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். விளக்கு ஏற்றினேன், உன் பெயரும் சொன்னேன். மேனாவின் முழங்கால் படி இறங்கும்போது மட்டும் வலிக்கிறது.

நீ வருவது எங்களுக்குப் பெரிய சந்தோஷம். வழிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பால் எவ்வளவு என்று தெரிந்தால்தான் பாத்திரம் எடுக்க முடியும், அதுபோல உன் உடம்பை நினைத்து வழியை எடுப்போம்.

முதலாவது, பகல் ரயில். காலை 7.14க்கு ப்ரேமனில் ஏறினால் ம்யூனிக்கில் ஒருமுறை, இன்ஸ்ப்ருக்கில் ஒருமுறை மாற வேண்டும். தால்ப்ருக்கில் இறங்கினால் நிலைய வாசலிலேயே மஞ்சள் தபால் பஸ் நிற்கும். இருபத்தொரு வளைவு, ஐம்பது நிமிடம். இரண்டாவது, பனிச்சறுக்கு விசேஷ ரயில். டிசம்பர் நடுவிலிருந்து வெள்ளிதோறும் மாலையில் புறப்படும். மாறவே வேண்டாம், படுத்துக்கொண்டே வரலாம். ஆனால் அது சனிக்கிழமை வந்து சேரும். சனிக்கிழமை எங்கள் ஊரில் ஒரு கூட்டம் இறங்கும், ஒரு கூட்டம் ஏறும். பஸ்ஸுக்குப் பனியில் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். மூன்றாவது, வீப்கே கார் ஓட்டி வருவது. பனியில் வழுக்காமல் இருக்கச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டத் தெரிய வேண்டும். நான்காவது, பால் கேனும் தபால் பையும் ஏற்றும் சரக்குக் கம்பிவடம். சாலை மூடினால் ஆட்களும் அதில்தான். மூடி இல்லாத பெட்டி, பதினோரு நிமிடம் அந்தரத்தில். அது உனக்கு வேண்டாம்.

எப்போது என்பதையும் யோசித்தேன். இப்போது அறைகளுக்கு வண்ணம் பூசுகிறார்கள், அந்த நெடி உன் நெஞ்சுக்கு ஆகாது. கிறிஸ்துமஸ் நெரிசல் உனக்கே தெரியும். புத்தாண்டுக் கூட்டம் இறங்கினதற்கும் பிப்ரவரியில் கார்னிவல் விடுமுறைக் கூட்டம் ஏறுவதற்கும் நடுவே நான்கு வாரம் ஊர் காலியாகக் கிடக்கும். ஜனவரிப் பள்ளம் என்போம். அப்போது வா. முழு வீடும் உனக்கே.

டாக்டர் கிறிஸ்துமஸ் என்றதை நினைத்துப் பயப்படாதே. பனிப்பாறையில் ஆட்களை நடத்திப் போகிறவன் எப்போதும் பிளவுக்கு ஓர் அடி முன்னாலேயே கோடு போடுவான். டாக்டர்களும் அப்படித்தான்.

மேனா அன்பு சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி ரோமெட்

*

ப்ரேமன், 24 நவம்பர் 1977

தம்பி ரோமெட்டுக்கு,

உங்கள் எல்லோருக்கும் தேக சுகம் வேண்டுகிறேன். எனக்கு இந்த வாரம் பரவாயில்லை. இரண்டு மாடியும் ஒரே ஒரு தடவை நின்று ஏறினேன்.

உன் கடிதத்தை வீப்கே உரக்கப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, "மாமா நாலு வழி எழுதிருக்காரு, நாள் மட்டும் ஒண்ணே ஒண்ணு எழுதிருக்காரு" என்றாள். அவள் அப்பாவைப் போல் குத்திப் பேசுவாள், பொருட்படுத்தாதே. ஆனாலும் கேட்கிறேன்: டிசம்பர் 10க்கு வந்தால் என்ன? அவளுக்கு விடுப்பு இருக்கிறது, கார் ஓட்டுகிறேன் என்கிறாள். சங்கிலி மாட்டுவதைப் பக்கத்து வீட்டு லாரிக்காரரிடம் முற்றத்தில் மழையில் நின்று கற்றுக்கொண்டாள். வண்ண நெடிக்கு ஜன்னலைத் திறந்துகொள்கிறேன்.

நம் கட்டில் அதே இடத்தில்தானே இருக்கிறது?

மேனா முழங்காலுக்கு முட்டைக்கோஸ் இலையைச் சூடாக்கிக் கட்டச் சொல். அன்புடன்,

புர்கி

*

வீசன்கார், 9 டிசம்பர் 1977

அன்புள்ள அக்கா,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இரண்டு வாரம் பதில் போடாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். வண்ணக்காரன் நேரத்துக்கு வரவில்லை. மேனா துணி வெளுக்கும் காரத்தில் கையைச் சுட்டுக்கொண்டாள். ஐந்தாம் தேதி மூன்றாம் வளைவில் மண் சரிந்து சாலை ஒன்றரை நாள் மூடியிருந்தது. அன்றைக்கு நீ காரில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் பத்தாம் தேதி போயிருக்கும். ஜனவரியே நல்லது. வார நாளில் பகல் ரயிலில் உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கும். தால்ப்ருக் வரை நானே வந்து நிற்பேன். பஸ் ஓட்டும் வெண்டெலின் என் பழைய மாணவன். தனக்குப் பின்னால் இருக்கும் இருக்கையை உனக்காகப் பிடித்து வைப்பான். அங்கேதான் ஆட்டம் குறைவு. தராசின் நடுக்கம்பம் ஆடுவதே இல்லை பார், அதுபோல.

நாங்கள் இருவரும் வழக்கம்போல் பருவத்துக்கு அறைகளையெல்லாம் விருந்தினருக்கு விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டோம். நிலவறையில் கொதிகலனுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டிருக்கிறோம், கதகதப்பாக இருக்கிறது. ஊரில் எல்லா வீட்டிலும் இப்போது இப்படித்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரோமெட்

*

ப்ரேமன், 15 டிசம்பர் 1977

தம்பி,

நலமா? என் பெட்டியில் முதல் ஆளாகக் கம்பளிக் காலுறை போய்ச் சேர்ந்துவிட்டது.

நீயும் மேனாவும் கொதிகலன் பக்கத்தில் படுக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது. இதை நீ இத்தனை வருஷமாக எழுதவே இல்லை. நான் வந்துபோனது கோடையில், அப்போது நீங்கள் மேலேதான் இருந்தீர்கள். படித்ததும் முதலில் சிரித்தேன், சிரித்தால் இருமல் வருகிறது. பிறகு யோசித்தேன். அறை இல்லாததுதான் சங்கடம் என்றால் நேராகச் சொல்லியிருக்கலாமே. எனக்கு அறை வேண்டாம். உங்கள் பக்கத்தில் ஒரு கட்டில் போடு. எதிர்மலையைப் பார்க்க வாசலில் ஒரு நாற்காலி போதும். சாப்பாடு சமையலறையிலேயே. யாராவது கேட்டால் உதவிக்கு வந்த கிழவி என்று சொல், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நான் இந்த ஊருக்கு வந்ததே வீட்டு வேலைக்காரியாகத்தான்.

23ஆம் தேதி விசேஷ ரயிலில் கீழ்ப்படுக்கை ஒன்று காலியாக இருக்கிறதாம், வீப்கே விசாரித்துவிட்டாள். பஸ் வரிசையில் நிற்க மடக்கு நாற்காலி கொண்டுவருகிறாள். இப்போதெல்லாம் மாடி ஏறும்போது மூன்று தடவை நிற்கிறேன், அதனால்தான் கேட்கிறேன். தந்தி கொடு. ஒரு சொல் போதும்.

மேனாவின் கைக்கு வெண்ணெய் தடவ வேண்டாம் என்று சொல்.

அக்கா

*

வீசன்கார், 19 டிசம்பர் 1977

அன்புள்ள அக்கா,

ஒரு சொல்லில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால் விரைவுத் தபாலில் எழுதுகிறேன். நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு ஞாயிறுதோறும் வேண்டிக்கொள்கிறோம்.

நிலவறை உனக்கு ஆகாது. சறுக்குப் பலகைக்குப் பூசும் மெழுகுப் புகை, கொதிகலனின் எண்ணெய் நெடி, ஈரக் காலணி. சுகமானவர்களே காலையில் தொண்டை கட்டி எழுந்திருக்கிறோம். உன் டாக்டர் பார்த்தால் என்னைத்தான் திட்டுவார்.

திட்டமாகச் சொல்கிறேன். ஜனவரி 7 சனிக்கிழமை எல்லோரும் இறங்குகிறார்கள். ஞாயிறு மேனா விரிப்புகளை மாற்றுவாள். திங்கள் 9ஆம் தேதி காலை 7.14 ரயிலில் ஏறு. ம்யூனிக்கில் மாற நாற்பது நிமிடம் இருக்கிறது, ஓட வேண்டாம். மாலை 6.50க்குத் தால்ப்ருக் மேடையில் நான் நிற்பேன். நம் அறை, நம் கட்டில். மூன்றே வாரம் அக்கா.

உனக்கும் வீப்கேவுக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து.

உன் தம்பி ரோமெட்

*

ப்ரேமன், 29 டிசம்பர் 1977

தம்பி ரோமெட்டுக்கு,

புதிய ஆண்டு உங்கள் இருவருக்கும் நல்லபடி பிறக்கட்டும். இதை நான் சொல்லச் சொல்ல வீப்கே எழுதுகிறாள். உட்கார்ந்து எழுதினால் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்.

9ஆம் தேதிக்குச் சீட்டு வாங்கியாயிற்று. ஜன்னல் ஓரம். பெட்டி கட்டி வாசல் பக்கத்தில் நிற்கிறது. வீப்கே இடித்துக்கொண்டு திட்டுகிறாள், இருந்தாலும் நகர்த்தவில்லை.

நீ எழுதின கையேட்டை வரவழைத்துப் பார்த்தோம். அழகாக எழுதியிருக்கிறாய். பத்து வருஷம் தொடர்ந்து வரும் விருந்தினருக்கு ஊராட்சித் தலைவர் வெள்ளிப் பதக்கம் குத்துகிறாராமே. "நான் அங்க பொறந்தவடீ. எனக்கு என்ன குத்துவாங்க?" என்று வீப்கேயிடம் கேட்டேன். "உனக்கு ஊசிதான் குத்துவாங்க" என்றாள். நல்ல பெண்.

இப்போது நம் அறையில் யார் இருக்கிறார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான், கோபம் இல்லை. அவர்களாவது காலையில் எழுந்து மலையைப் பார்க்கிறார்களா?

9ஆம் தேதி பார்ப்போம்.

புர்கி

*

வீசன்கார், 4 ஜனவரி 1978

அன்புள்ள அக்கா,

ஆண்டவர் உனக்குப் பொறுமையும் சுகமும் தரட்டும்.

நம் அறை இப்போது நான்காம் எண். ரேபைன் என்று காஸெலில் இருந்து வரும் தம்பதி இருக்கிறார்கள். பதினோரு வருஷமாக அதே அறைதான் கேட்பார்கள். மலையைப் பார்க்கிறார்கள். அந்த அம்மாள் தினமும் ஜன்னலில் நின்று பார்ப்பார்.

இரண்டாம் தேதி அந்த அம்மாள் சரிவில் விழுந்து கால் முறிந்துவிட்டது. இடுப்பு வரை மாவுக்கட்டு. பத்து நாளாவது அசைக்கக் கூடாது, இருபத்தொரு வளைவில் காரில் இறக்க முடியாது என்கிறார் நம் ஊர் டாக்டர். 18ஆம் தேதி வரை இருக்கட்டுமா என்று கேட்டார்கள். மாவுக்கட்டோடு கிடக்கிறவரை எழுந்து போங்கள் என்று எப்படிச் சொல்வது? நீயும் சொல்லமாட்டாய்.

தால்ப்ருக் நிலைய அதிகாரியைக் கேட்டுவிட்டேன், உன் சீட்டை 19க்கு மாற்றலாம். அதே ரயில், அதே நேரம். பத்தே நாள்தான் தள்ளிப்போகிறது. ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கச் சொல்.

மற்ற அறைகள் காலியாகும், ஆனால் அவை வடக்குப் பக்கம். உனக்கு அந்த அறையையே தர வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை.

ரோமெட்

*

ப்ரேமன், 11 ஜனவரி 1978

ரோமெட் மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நலம் என்று நம்புகிறேன். அம்மா நேற்றிலிருந்து ஆஸ்பத்திரியில்.

சீட்டை மாற்றிவிட்டேன், அம்மாவிடமும் சொன்னேன். தலையாட்டினாள். ஆனால் 9ஆம் தேதி காலையில் நான் எழுந்து பார்த்தபோது கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "இன்னிக்கு இல்லம்மா, பத்தொன்பதாம் தேதி" என்றேன். "தெரியும். சும்மா உட்கார்ந்து பாக்குறேன்" என்றாள். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழே கால் ஆனதும், "கிளம்பிடுச்சு" என்று தொப்பியைக் கழற்றினாள். மறுநாள் மூச்சு முட்டியது.

இனி உட்கார்ந்து பயணம் செய்ய முடியாது என்கிறார்கள். நீங்கள் எழுதிய நான்கு வழியும் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு, இல்லாவிட்டால் சனிக்கிழமை வருகிறவர்களுக்கு. படுத்தபடியே, ஆக்ஸிஜனோடு வருவதற்கு ஏதாவது வழி உண்டா? உங்கள் தொலைபேசி விருந்தினர் சாப்பிடும் கூடத்தில் இருக்கிறது, அங்கே கூப்பிட வேண்டாம் என்று அம்மா தடுக்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம்.

வீப்கே

*

வீசன்கார், 16 ஜனவரி 1978

அன்புள்ள வீப்கே,

உன் அம்மாவுக்கு ஆண்டவர் மூச்சைத் தரட்டும். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அன்று மாலையும் நேற்றும் உன் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்திருப்பாய். இன்று காலை தந்தி கொடுத்திருக்கிறேன்: "அறை தயார், வரவும்."

வழி இருக்கிறது. தால்ப்ருக்கில் செஞ்சிலுவைக்காரர்களைப் பார்த்தேன். ஆம்புலன்ஸ் கார் என்றால் பதினான்கு மணி நேரம், இரண்டு ஓட்டுநர்கள் வேண்டும். விமானத்தில் மூன்று இருக்கையைக் கழற்றிப் படுக்கை போட்டு இன்ஸ்ப்ருக் வரை வரலாம், அங்கிருந்து அவர்களுடைய வண்டி. சாலை மூடினாலும் ராணுவ ஹெலிகாப்டர் நோயாளிக்கு எழும்பும். எது என்று டாக்டர் சொன்னால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் மேனாவிடம் நீட்டினேன். அவள் முழுக்கப் படித்தாள்.

"நான்தான் சொன்னேன். நவம்பர்ல. ராத்திரி முழுக்க இருமல் கேட்டா விருந்தாளிங்க காலைல எறங்கிப் போயிடுவாங்கன்னு" என்றாள்.

"ஆமா."

"ஒரே ஒரு தடவ சொன்னேன், ரோமெட். ரெண்டு மாசமா கடுதாசி எழுதினது நீ."

நான் மாடி ஏறிப்போய் ரேபைன் அறைக் கதவைத் தட்டினேன். நாங்கள் விருந்தினரிடம் வீட்டுக் கவலையைச் சொல்வதில்லை. இந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் அதுதான் சட்டம். மேனாவின் தாய் இறந்தது ஒரு பிப்ரவரியில். மேலே எல்லோரும் காலைச் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விறகுக் கொட்டகை வழியாகச் சவப்பெட்டியை எடுத்துப் போனோம். ஒருவருக்கும் தெரியவில்லை என்று ஊரே எங்களை மெச்சியது. நானும் பெருமைப்பட்டேன்.

"எங்க அக்கா ஆஸ்பத்திரியில இருக்காங்க. இந்த அறையிலதான் பொறந்தாங்க. கடைசியா ஒரு தடவ வரணும்னு கேட்டாங்க" என்றேன்.

"எப்ப கேட்டாங்க?" என்றார் ரேபைன்.

"நவம்பர்ல."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "பதினோரு வருஷமா வர்றோம் வாத்தியாரே. உங்களுக்கு ஒரு அக்கா இருக்கிறதே எங்களுக்குத் தெரியாதே."

அந்த அம்மாள் மாவுக்கட்டோடு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதிர்ல ஓட்டல் இருக்கு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா கிறிஸ்துமஸுக்கே அங்க போயிருப்போமே. கால் முறிஞ்ச அன்னிக்கு இதே கேள்விய நான் உங்ககிட்ட கேட்டேன். இருக்கட்டுமான்னு. இருங்கன்னு சொன்னது நீங்கதானே?"

ஒரு மணி நேரத்தில் நாற்காலியோடு அவரைத் தூக்கி எதிர் ஓட்டலுக்குக் கொண்டுபோனோம். பனியில் முப்பது அடி தூரம்.

கார்னிவல் வாரத்துக்குப் பதிவு செய்தவர்களுக்கு நான்காம் அறை இல்லை என்று எழுதிவிட்டேன். அடுப்பு எரிகிறது. எந்த நாளும் வரலாம்.

மாமா ரோமெட்

*

ப்ரேமன், 25 ஜனவரி 1978

ரோமெட் மாமாவுக்கு,

அத்தையும் நீங்களும் நலமாக இருங்கள்.

18ஆம் தேதி நான் கொடுத்த தந்தி உங்களுக்குக் கிடைத்தது. பனிச்சரிவு அபாயத்தால் சாலையும் கம்பிவடமும் நின்றுவிட்டன, அடக்கத்துக்கு வர முடியவில்லை என்று பதில் கொடுத்திருந்தீர்கள். நம்புகிறேன். அம்மாவும் ஒவ்வொன்றையும் நம்பினாள்.

உங்கள் தந்தி 17ஆம் தேதி மதியம் வந்தது. அவள் காதருகே குனிந்து வாசித்தேன். ஆக்ஸிஜன் முகமூடிக்குள் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். முகமூடியை விலக்கச் சொன்னாள்.

"எந்தக் கிழமைன்னு கேட்டு எழுது" என்றாள்.

"எந்தக் கிழமையும் வரலாமாம், அம்மா."

"இல்லடி. அவன் ஒரு கிழமை வச்சிருப்பான். கேட்டு எழுது."

அதன்பிறகு பேசவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குள் முடிந்துவிட்டது.

உங்கள் கடிதம் அதற்கு மறுநாள் வந்தது. விமானத்தில் மூன்று இருக்கையைக் கழற்றுவார்கள் என்று எனக்குத் தெரியாது. நவம்பரில் தெரிந்திருந்தாலும் தேவைப்பட்டிருக்காது, அப்போது அவளால் உட்கார முடிந்தது.

அவளை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்யலாமா என்று பாதிரியார் கேட்டார். சவப்பெட்டி ரயிலில் ஏறும், விசாரித்தேன். வேண்டாம் என்றேன். இங்கேயே இருக்கட்டும். இங்கே யாரிடமும் அவள் தேதி கேட்க வேண்டியதில்லை.

வீப்கே

*

வீசன்கார், 3 பிப்ரவரி 1978

அன்புள்ள வீப்கே,

உனக்குச் சுகம் வேண்டுகிறேன். இதை விரைவுத் தபாலில் போட்டுவிட்டு நாளை காலை புறப்படுகிறேன். வரலாமா என்று உன்னைக் கேட்கவில்லை. நீ வேண்டாம் என்றாலும் கல்லறைவரை வந்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

நாளை கார்னிவல் சனிக்கிழமை. பன்னிரண்டு பேர் வருகிறார்கள். மேனாவிடம் சொன்னபோது மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"யாரு பனி வெட்டுவா?" என்றாள்.

"வர்றவங்க கையில மண்வெட்டியக் குடு."

"ஏன்னு கேட்டா?"

அவள் கையைக் கழுவிவிட்டு வாசலுக்குப் போனாள். பனி எத்தனை அங்குலம், எந்தச் சரிவு திறந்திருக்கிறது என்று விருந்தினருக்காக நான் தினமும் சுண்ணக்கட்டியில் எழுதும் பலகை அங்கே தொங்குகிறது. அதைத் துடைத்துவிட்டுப் பெரிய எழுத்தில் எழுதினாள்: "வீட்டுக்காரரின் அக்கா புர்கி இறந்துவிட்டாள். அவர் ப்ரேமனுக்குப் போயிருக்கிறார்." கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, "புர்கிக்கு என் இருமல் பேச்சு தெரியாதில்ல?" என்று கேட்டாள்.

"நான் அவளுக்கு எழுதல."

"அவ கல்லறையில போய்ச் சொல்லிடு" என்றாள்.

நீ என்னைத் திட்ட வேண்டியிருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் வருகிறேன். உன் அம்மாவுக்கு நான் எழுதிய ஒவ்வொரு வழியும் சரியானது. ரயில் நேரத்தில்கூட ஒரு பிழை கிடையாது. வா என்று மட்டும் அவளுக்கு நான் எழுதவில்லை. கடிதங்களை மறுபடி படித்துப் பார்த்தேன். எழுதின இடத்திலெல்லாம் ஒரு நாளையும் கூடவே எழுதியிருக்கிறேன்.

மாமா ரோமெட்

*

மேலே ஏறும் கூட்டத்துக்கு எதிராக, காலிப் பஸ்ஸில் நான் ஒருவன் மட்டும் கீழே இறங்கினேன். வீப்கே ரயிலடிக்கு வரவில்லை. திங்கட்கிழமை காலை கல்லறையில் நின்றிருந்தாள். மேனா சொல்லச் சொன்னதை அக்காவிடம் சொன்னேன். வீப்கே என்னைத் திட்டவில்லை, கை கொடுக்கவும் இல்லை. அம்மாவின் பெட்டியிலிருந்து என் கடிதங்களை எடுத்து, தனக்கு வந்தவற்றையும் சேர்த்து ஒரு கயிற்றால் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். அதை என்னிடம் தந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

இதைப் படிக்கிற உங்கள் மேசையிலும், வரட்டுமா என்று கேட்டு யாரோ எழுதிய கடிதம் ஒன்று பதில் இல்லாமல் கிடக்கலாம். இன்று அதை எடுங்கள். பதிலின் முதல் வரியில், நாளும் கிழமையும் போடாமல், "வா" என்று எழுதுங்கள். வழியை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்.